ஒப்பந்தத்தில் எழுதப்படாத உழைப்பு

ஒதுக்கப்பட்ட வேலையைக் குறையில்லாமல் முடித்துவிட்டு நேரத்துக்குக் கிளம்பினால் ஈடுபாடு போதவில்லை என்கிறார்கள். இரவு பகல் பாராமல் உழைத்த ஆண்டிலும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே ஊதிய உயர்வுதான் கிடைத்தது. நிறுவனத்தைச் சொந்த நிறுவனமாக நினையுங்கள் என்று மேலாளர் சொல்லும்போது மனம் ஒப்பவில்லை. இதில் கோளாறு என்னிடமா, அவர்களிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். யார் மீது தவறு என்பதைவிட ஆழமான ஒன்று உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. உழைப்பை விற்பவரும் அதை வாங்குபவரும் ஒன்றையே விரும்ப முடியுமா? முடியாதென்றால், கூலிக்கு மாரடிக்கிறோம் என்ற குற்றவுணர்வும் ஏமாந்துபோகிறோம் என்ற கசப்பும் இல்லாமல் ஒருவர் எந்த அளவுக்குத் தன்னைக் கொடுக்கலாம்? நீங்கள் கேட்பது இதைத்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பல ஆண்டுகள் மனிதவளத் துறையில் வேலை பார்த்தவன் நான். ஊதிய நிர்ணயம், ஆண்டு மதிப்பீடு, ஆட்குறைப்பு ஆகியவற்றை நிர்வாகத்தின் தரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நானும் மாதச் சம்பளம் வாங்கியவன் என்பதால் மறுதரப்பின் மனநிலையும் தெரியும். ஆனால் என் அனுபவம் பெரும்பாலும் அலுவலக வேலைகளைச் சார்ந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்கும், செயலி வழியாக வேலை பெறுவோருக்கும், வீட்டு வேலை செய்வோருக்கும் நான் சொல்வது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் முதல் கேள்விக்கு நேரடியான பதில் இது: கோளாறு உங்கள் குணத்தில் இல்லை, பெரும்பாலும் அவர்கள் குணத்திலும் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்வது என்ற உறவின் அமைப்பிலேயே ஒரு முரண் இருக்கிறது. அதை இல்லாததுபோல் பாவிப்பதால்தான் இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகிக்கின்றன.

அந்த முரண் எங்கிருந்து வருகிறது என்பது பொருளியலில் ஓரளவு தெளிவாகவே ஆராயப்பட்டிருக்கிறது. சந்தை அவ்வளவு திறமையானது என்றால் நிறுவனங்கள் என்று எதற்கு இருக்கின்றன என்ற கேள்வியை ரொனால்ட் கோஸ் 1937-இல் எழுப்பினார். ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஆள் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் எழுதுவதற்கு ஆகும் செலவைவிட, ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டு அன்றன்றைய வேலையை அவ்வப்போது சொல்வது மலிவு என்பது அவர் கண்ட விடை. ஹெர்பர்ட் சைமன் 1951-இல் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார். ஒரு வரம்புக்குள் மேலதிகாரி எதைச் சொன்னாலும் ஏற்றுச் செய்வதற்கான சம்மதத்தைத்தான் பணியாளர் விற்கிறார் என்று அவர் காட்டினார். அந்த வரம்பு எங்கே முடிகிறது என்பதை எந்த ஆவணமும் முழுமையாகச் சொல்வதில்லை. உங்கள் நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். சம்பளம், வேலை நேரம், விடுப்பு, நோட்டீஸ் காலம் எல்லாம் எண்களில் இருக்கும். கடமைகளின் பட்டியல் மட்டும் அநேகமாக, நிர்வாகம் அவ்வப்போது ஒதுக்கும் பிற பணிகள் என்ற வரியோடு முடியும். உங்கள் சிக்கல் முழுவதும் அந்தக் கடைசி வரிக்குள்தான் இருக்கிறது.

நிறுவனம் சம்பளம் கொடுத்து வாங்குவது உங்கள் நேரத்தை; நிறுவனம் நடக்கத் தேவைப்படுவதோ உங்கள் கவனமும் அக்கறையும் சமயோசிதமும். பின்னவற்றை மணிக்கணக்கில் வாங்க முடியாது. இதற்கு மிகத் தெளிவான சான்று, பணிநிறுத்தம் செய்யாமலே தொழிலாளர்கள் நடத்தும் ஒரு வகைப் போராட்டம். எழுதப்பட்ட விதிகள் அனைத்தையும் அட்சரம் பிசகாமல் பின்பற்றுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவ்வளவுதான்; வேலை தேங்கிவிடும். எந்த நிறுவனமும் எழுதிய ஒப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்த முடியாது என்பதை இது காட்டுகிறது. ஆகவே உங்கள் மேலாளர் ஒப்பந்தத்துக்கு மேற்பட்ட ஒன்றை எதிர்பார்ப்பதில் வியப்பு இல்லை. அந்த எதிர்பார்ப்புக்குக் கைமாறாக என்ன தரப்படும் என்பதும் அதே அளவுக்கு எழுதப்படாமல் கிடப்பதுதான் உங்களை உறுத்துகிறது. அந்த உறுத்தல் நியாயமானது.

சொந்த நிறுவனமாக நினைக்கச் சொல்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரிமையாளருக்கு, எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகு எஞ்சுவது சேர்கிறது. அது பெருலாபமாகவும் இருக்கலாம், நட்டமாகவும் இருக்கலாம். பணியாளருக்கு, எஞ்சுவது எவ்வளவாக இருந்தாலும் பேசிய சம்பளம் கிடைக்கிறது. நட்டம் வந்த மாதத்திலும் சம்பளம் வருகிறது என்பது சிறிய விஷயமல்ல. அந்தப் பாதுகாப்புக்காகத்தான் லாபத்தின் பெரும்பகுதியை நாம் விட்டுக்கொடுக்கிறோம். இதுவரை பேரம் நியாயமாகவே தெரியும். ஆனால் பெருநிறுவனங்களில் முதல் போட்டவர் தன் பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போட்டு வைக்க முடியும். பணியாளர் தன் உழைப்பைப் பத்து நிறுவனங்களில் பிரித்துப் போட முடியாது. ஒரு நிறுவனம் சரிந்தால் முதலீட்டாளருக்குச் சொத்தின் ஒரு பகுதி போகிறது, பணியாளருக்கு மாத வருமானம் முழுவதும் போகிறது. லாபத்தில் பங்கு இல்லாதவரிடம் உரிமையாளரின் கவலையை மட்டும் சுமக்கச் சொல்வது முறையற்ற கோரிக்கை. உங்கள் மனம் அதற்கு ஒப்பாதது பொறுப்பின்மையால் அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பங்குகளோ லாபப் பகிர்வோ தரும் இடங்களில் கணக்கு மாறுகிறது. அங்கும் அந்தப் பங்கு எவ்வளவு, எப்போது கைக்கு வரும், வேலையை விட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பார்த்த பிறகே எதுவும் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்: உங்கள் மேலாளர் உங்கள் முதலாளி அல்லர். அவரும் சம்பளக்காரர், அவருடைய நோக்கங்கள் உங்களுடையவற்றிலிருந்தும் நிறுவனத்தினுடையவற்றிலிருந்தும் வேறுபடும். முதலீட்டாளருக்கும் அவர் நியமிக்கும் நிர்வாகிக்கும் இடையிலேயே நலன்கள் முரண்படுவதை மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் 1976-இல் விரிவாக எழுதிய பிறகு, அது தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துவிட்டது. ஊதிய உயர்வு விஷயத்தில் இது எப்படி நடக்கிறது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உயர்வுக்கான மொத்தத் தொகை முதலில் மேலிருந்து வந்துவிடும், மதிப்பெண்கள் பிறகுதான். மேலாளர்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, திரையில் விரிந்திருக்கும் அட்டவணையில் ஒவ்வொரு பெயராகப் பேசுவார்கள். எத்தனை பேருக்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஒரு பிரிவில் ஐந்து பேர் சிறப்பாக உழைத்திருந்து மூன்று இடங்களே இருந்தால், மற்ற இருவர் மீது ஏதாவது ஒரு குறை தேடப்படும். உங்களிடம் சொல்லப்பட்ட ஈடுபாட்டுக் குறைவு, முடிவு எடுக்கப்பட்ட பிறகு கண்டுபிடிக்கப்பட்ட காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் உயர்வின் அளவை உங்கள் உழைப்புக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நீங்கள் நொந்துபோக வேண்டியதில்லை.

பணியாளர் முழு வேகத்தில் உழைக்காமல் அடக்கி வாசிப்பது இன்றைய தலைமுறையின் புதுநோய் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. அறிவியல் மேலாண்மையின் தந்தை எனப்படும் ஃபிரெடரிக் டெய்லர் 1911-இல் வெளியிட்ட நூலின் மையக் கவலையே, ஆலைத் தொழிலாளர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பதுதான். அதற்கு அவரே சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: எண்ணிக்கைக்குக் கூலி தரும் இடத்தில் தொழிலாளி வேகமாக உழைத்து அதிகம் சம்பாதித்தால், முதலாளி ஒரு பொருளுக்கான கூலியைக் குறைத்துவிடுவார், ஓரிரு முறை சூடுபட்டவர் பிறகு தன் வேகத்தை மறைக்கத்தான் செய்வார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இது மாறவில்லை. இந்த ஆண்டு இலக்கைத் தாண்டினால் தாண்டிய அளவே அடுத்த ஆண்டின் அடிப்படை இலக்காகிறது. அப்படி ஒரு இடத்தில் அடக்கி வாசிப்பவரைச் சோம்பேறி என்பது எளிது. ஆனால் அவர் கணக்குத் தெரிந்தவர்.

மறுபக்கத்தில், முதலாளிகளும் கனிவால் மட்டும் கூடுதல் ஊதியம் கொடுத்ததில்லை. ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் நாள் கூலியை 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். அதற்கு முன்பு கூலி 2.34 டாலராக இருந்தது. பெரிதும் பாராட்டப்பட்ட இந்த முடிவின் பின்னால் கடுமையான நெருக்கடி ஒன்று இருந்தது. நகரும் வார்ப்பட்டையில் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். 1913-இல் ஆள் வெளியேற்ற விகிதம் 370 சதவீதம், அதாவது ஓராண்டில் ஒவ்வோர் இடத்தையும் ஏறக்குறைய நான்கு முறை நிரப்ப வேண்டியிருந்தது. கூலி உயர்ந்ததும் வெளியேற்றம் பெருமளவு குறைந்தது; இரு தரப்பும் பயனடைந்தன. ஆனால் அந்த 5 டாலரில் ஏறத்தாழப் பாதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதைப் பெற, தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறார், குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று நிறுவனத்தின் ஆட்கள் வந்து விசாரித்துத் திருப்தியடைய வேண்டும். நோக்கங்கள் எங்கே சந்திக்கின்றன, சந்தித்த இடத்திலேயே எப்படி மறுபடி பிரிகின்றன என்பதை இந்த ஒரு நிகழ்வில் பார்த்துவிடலாம்.

முரணைத் தீர்க்க நிர்வாகங்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது அளவீட்டை. அளந்து, அதற்கேற்பக் கொடுத்துவிட்டால் இருவர் நோக்கமும் ஒன்றாகிவிடும் என்பது எண்ணம். சில வேலைகளில் இது நன்றாகவே பலிக்கிறது. வாகனக் கண்ணாடி பொருத்தும் சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம் மணிக்கணக்குக் கூலியிலிருந்து எண்ணிக்கைக் கூலிக்கு மாறியபோது, ஒருவர் பொருத்தும் கண்ணாடிகள் 44 சதவீதம் கூடின என்று எட்வர்ட் லேசியர் 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஏறக்குறைய அதில் பாதி, அதே ஆட்கள் கூடுதலாக உழைத்ததால் வந்தது; மீதியில் பெரும்பங்கு, திறமையானவர்கள் அங்கே தங்கியதாலும் புதிதாகச் சேர்ந்ததாலும் வந்தது. ஆனால் கண்ணாடியை எண்ணலாம், சரியாகப் பொருத்தவில்லை என்றால் யார் பொருத்தியது என்று கண்டுபிடித்தும்விடலாம். பெரும்பாலான அலுவலக வேலைகள் அப்படிப்பட்டவை அல்ல. ஒரு வேலையில் அளக்கக்கூடிய பகுதியும் அளக்க முடியாத பகுதியும் கலந்திருக்கும்போது, அளக்கக்கூடியதற்கு மட்டும் பரிசு வைத்தால் மற்றது கைவிடப்படும் என்று பெங்ட் ஹோம்ஸ்ட்ரோமும் பால் மில்க்ரோமும் 1991-இல் நிறுவினார்கள். வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகார்களை எத்தனை மணி நேரத்தில் முடிக்கிறார்கள் என்பதை வைத்து மதிப்பெண் தரத் தொடங்கியதும், கெடு நெருங்கும் புகார்கள் தீர்ந்ததாகக் குறிக்கப்பட்டு மூடப்பட்டன. மறுநாள் அதே வாடிக்கையாளரின் புகார் புதிய எண்ணில் திறக்கப்பட்டது. அறிக்கையில் எல்லாம் பச்சை நிறத்தில் இருந்தது. வாடிக்கையாளர் மட்டும் காத்துக்கொண்டிருந்தார். இதன் பெரிய வடிவம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கின் நெருக்குதலில் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். இலக்கை வகுத்தவர்களுக்கு முன்பே, அதை எட்ட முயன்ற கடைநிலை ஊழியர்களின் வேலை போனது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி.

நியாயம் என்ற உணர்வு உழைப்பைப் பாதிக்கிறது என்பதையும் உறுதியாகச் சொல்லலாம். 1990-களின் தொடக்கத்தில் வடகிழக்கு அமெரிக்காவில் வேலையின்மை மிகுந்திருந்தபோதும் நிறுவனங்கள் ஏன் சம்பளத்தைக் குறைக்கவில்லை என்று அறிய, பொருளியலாளர் ட்ரூமன் பியூலி 300-க்கும் மேற்பட்ட தொழில் நிர்வாகிகளையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் பிறரையும் நேரில் சந்தித்துக் கேட்டார். சம்பளத்தைக் குறைத்தால் இருப்பவர்களின் மனம் உடைந்து வேலை கெடும், நல்லவர்கள் போய்விடுவார்கள் என்பதே நிர்வாகிகள் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். அதாவது, எழுதப்படாத நல்லெண்ணத்தின் விலை நிர்வாகங்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், சம்பளத்தை வெளிப்படையாகக் குறைக்கத் தயங்குபவர்கள், வேலைச் சுமையைச் சத்தமில்லாமல் கூட்டுவதற்குத் தயங்குவதில்லை. ஒருவர் விலகிய இடம் நிரப்பப்படாமல் அவருடைய வேலை மூவருக்குப் பிரித்துத் தரப்படும்போது, அதுவும் ஒரு வகைச் சம்பளக் குறைப்புதான்.

இதுவரை சொன்னவற்றில் எனக்குத் தயக்கம் இல்லை. இனிச் சொல்பவை அவ்வளவு உறுதியானவை அல்ல. உலக அளவில் 21 சதவீதப் பணியாளர்களே ஈடுபாட்டுடன் வேலை செய்ததாக கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2024-ஆம் ஆண்டுக்குக் கணித்தது, ஈடுபாடு மிகுந்த பிரிவுகள் கூடுதல் லாபம் தருவதாகவும் அது சொல்கிறது. இரண்டும் தொடர்ந்து ஒன்றாகக் காணப்படுகின்றன என்பதை ஏற்கலாம். ஈடுபாட்டால் லாபம் வந்ததா, நன்றாக நடக்கும் இடத்தில் மனமும் உற்சாகமாக இருந்ததா என்பது அவ்வளவு எளிதில் பிரியாது. அந்த ஆய்வின் பன்னிரண்டு கேள்விகளைப் பார்த்தால், என்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரியுமா, வேலைக்கு வேண்டிய கருவிகள் இருக்கின்றனவா, அண்மையில் யாராவது பாராட்டினார்களா என்ற வகையில் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை நிர்வாகம் செய்து தர வேண்டியவை. பணியாளரின் பிறவிக் குணமாக ஈடுபாட்டைப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. பணம் கொடுத்தால் ஆர்வம் குறையும் என்ற கருத்தும் அளவுக்கு மீறிப் பரப்பப்படுகிறது. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் மாணவர்களிடம் புதிர் விளையாட்டை வைத்துச் செய்த சோதனைகள் முக்கியமானவை; ஆனால் பொழுதுபோக்கான புதிருக்குத் தரும் பரிசுக்கும் குடும்பம் நடத்தும் சம்பளத்துக்கும் தூரம் அதிகம். குறைந்த சம்பளத்தை நியாயப்படுத்த அந்தச் சோதனையை யாராவது துணைக்கு அழைத்தால் ஏற்காதீர்கள்.

எல்லா மோதலும் நலன்களின் மோதல் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில இடங்களில் இரு தரப்பும் விரும்புவது ஒன்றே. எது பலன் தரும் என்ற நம்பிக்கைதான் வேறு. சீனாவின் ட்ரிப்.காம் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 1,612 பணியாளர்களை வைத்து நடத்தி 2024-இல் வெளியிடப்பட்ட சோதனையில், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வேறுபாடு தெரியவில்லை. தொடக்கத்தில் உற்பத்தித்திறன் குறையும் என்று கருதிய மேலாளர்கள் முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒரு நிறுவனத்தின் முடிவை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. ஆனால் உங்கள் மேலாளரோடு நீங்கள் முட்டிக்கொள்ளும் விஷயங்களில் எவை உண்மையான நலன் மோதல், எவை சோதித்துப் பார்க்காத நம்பிக்கை என்று பிரித்துப் பாருங்கள். பின்னவற்றுக்கு, மூன்று மாதம் முயன்று பார்ப்போம் என்ற வேண்டுகோள் வேலை செய்யும், முன்னவற்றுக்குச் செய்யாது.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வருகிறேன். தொழிலின் மீதுள்ள அக்கறையும் நிறுவனத்தின் மீதுள்ள விசுவாசமும் ஒன்றல்ல. செய்வதைச் செம்மையாகச் செய்வது உங்கள் திறமையை வளர்க்கிறது, நீங்கள் எங்கே போனாலும் உடன் வருகிறது. அதைக் கோபத்தில் கெடுத்துக்கொண்டால் இழப்பு உங்களுக்குத்தான். கூடுதல் நேரமும் கூடுதல் பொறுப்பும் வேறு வகை. அவை கடன் கொடுப்பது போன்றவை. திருப்பித் தருவார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் கொடுத்தால், வாங்கியவர் அதைக் கடன் என்றே அறிய மாட்டார். என் அனுபவத்தில், மிகக் கசந்து வெளியேறியவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். கேட்காமலே ஆண்டுக்கணக்கில் கொடுத்தவர்கள். ஆகவே கூடுதல் பொறுப்பு வரும்போது, ஏற்பதற்கு முன்பே பேசுங்கள்: இது எவ்வளவு காலத்துக்கு, எந்த முடிவில் இது கணக்கில் எடுக்கப்படும், அந்த முடிவை எடுப்பவர் யார், இதற்காக என் இப்போதைய வேலையில் எதை விடலாம். பேசியதை அன்றே ஒரு சிறு மின்னஞ்சலில் மரியாதையாக எழுதி அனுப்பிவிடுங்கள். மிரட்டலுக்காக இதைச் சொல்லவில்லை. மேலாளர்கள் மாறுவார்கள், வாய்மொழி வாக்குறுதி அவரோடு போய்விடும், மின்னஞ்சல் இருக்கும். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் தரும் மேலாளருக்கு அவசரக் காலத்தில் கூடுதலாக உழைத்துக் கொடுக்கத் தயங்காதீர்கள். கேள்வி கேட்டதையே விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்பவரிடம் ஒப்பந்த அளவோடு நிற்பது நேர்மையான நிலைப்பாடு, குற்றவுணர்வு தேவையில்லை.

இப்படிக் கேட்கும் துணிவு எல்லாருக்கும் வாய்க்காது என்பதை அறிவேன். வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர் தைரியமாகப் பேசலாம். கடனும் குடும்பச் சுமையும் உள்ளவருக்கு, வேலை அரிதான துறையில் இருப்பவருக்கு, அதே பேச்சு ஆபத்தாக முடியலாம். பிடிக்காத இடத்தில் ஒருவருக்கு இரண்டு வழிகள் உண்டு, வெளியேறலாம் அல்லது குரல் எழுப்பலாம் என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதினார். வெளியேற முடியாதவரின் தனிக்குரலுக்கு வலு குறைவு; அதனால்தான் கூட்டுக்குரலுக்கான அமைப்புகள் உருவாயின. ஜெர்மனியில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2,000-க்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் பணியாளர் தரப்புக்கு உரியவை. வாக்குகள் சமமானால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு, தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பைச் சேர்ந்தவர். முரண் இருக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதைப் பேசித் தீர்க்க ஓரிடம் ஒதுக்கிய ஏற்பாடு இது. உங்கள் நிறுவனத்தில் அப்படி எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வேலைச் சுமை, மதிப்பீட்டு அளவுகோல் போன்ற, உங்கள் குழுவில் எல்லாரையும் பாதிக்கும் விஷயங்களை நீங்கள் தனியாகக் கொண்டுபோகாமல், நான்கைந்து பேர் சேர்ந்து, தேதிகளோடும் விவரங்களோடும் எழுதிக் கொண்டுபோங்கள். தனி ஒருவரின் மனக்குறை என்று ஒதுக்கப்படுவது, பலர் சேர்ந்து சொல்லும்போது நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய விஷயமாக மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.